பிக்கப்பைத் தாழ்த்த எந்தப் பாகம்? ஸ்பிரிங், ஸ்பிண்டில், பிளாக், ஃபிளிப் கிட், ஏர் பேக்: ஓர் ஒப்பீடு

பிக்கப்பைத் தாழ்த்த நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முன்பக்கத்துக்கு லோயரிங் ஸ்பிரிங்கா, டிராப் ஸ்பிண்டிலா? பின்பக்கத்துக்குப் பிளாக்கா, ஷேக்கிளா, ஃபிளிப் கிட்டா? இல்லை, ஒரேயடியாக ஏர் பேக்குக்கே போய்விடலாமா? விற்கிறவர் எல்லாவற்றுக்கும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இத்தனை இஞ்ச் இறங்கும்." இறங்கும்தான். இறங்கிய பிறகு சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் மிச்சம் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆக்ஸிலுக்கும், அது மேலே வந்து சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளிதான் இந்தத் தேர்வில் முக்கால்வாசியை முடிவு செய்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் அளவு. 2/4, 4/6 என்று எழுதினால் முன்பக்கம் 2 இஞ்ச், பின்பக்கம் 4 இஞ்ச் என்று பொருள். பாரம் ஏற்றினால் சமமாக வரட்டும் என்று பிக்கப்புகளைப் பின்பக்கம் தூக்கியே கட்டுகிறார்கள். அதனால்தான் பின்னால் எப்போதும் இரண்டு இஞ்ச் கூடுதலாக இறக்குகிறோம். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் அளவும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். காலி வண்டி, சமதளம், நான்கு மூலையும் தனித்தனியாக. இடதும் வலதும் அரை இஞ்ச் வித்தியாசம் இருந்தால் அது ஏற்கெனவே சோர்ந்துபோன ஸ்பிரிங். அதற்கு மேல் எந்தப் பாகத்தைப் போட்டாலும் கோணல் கோணலாகவே இருக்கும்.

மிச்ச இடைவெளி. ஒரு கணக்குப் பார்ப்போம். பின்பக்கக் கமான்கள் (பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்) இரண்டில் ஒவ்வொன்றும் 1 மி.மீ. அமுங்க 3 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் 6 கிலோ. பம்ப் ஸ்டாப்புக்கு 100 மி.மீ. இடைவெளி இருந்தால், ஆக்ஸிலுக்கு நேர் மேலே 600 கிலோ வைத்தால்தான் ரப்பரைத் தொடும். அதே வண்டியை 75 மி.மீ. தாழ்த்திவிட்டால் மிச்சம் 25 மி.மீ. அது 150 கிலோவிலேயே தீர்ந்துவிடும். இரண்டு ஆட்கள் தொட்டியில் ஏறி உட்கார்ந்தால் முடிந்தது. ஓடும்போது மேடு பள்ளம் வேறு இருக்கிறது. "தாழ்த்தினதும் வண்டி கட்டையாகிவிட்டது" என்கிற புகாரில் பாதி ஸ்பிரிங்கின் விறைப்பே இல்லை, ரப்பரில் போய் இடிக்கும் அடி.

கோணங்கள். முன்னால் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே அல்லது வெளியே சாய்வது), டோ (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருப்பது), ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டின் சாய்வு. பின்னால், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம்.

ஸ்க்ரப் லைன். டயர் பஞ்சராகி ரிம் தரையில் உட்கார்ந்தால் வேறு எதுவும் தரையைத் தொடக் கூடாது. ஒரு ரிம்மின் கீழ் விளிம்பிலிருந்து எதிர்ப்பக்க டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நூல் பிடியுங்கள், குறுக்காக மாற்றியும் பிடியுங்கள். அந்த நூலுக்குக் கீழே ஸ்பிண்டில் நுனியோ, ஷாக் பிராக்கெட்டோ, யூ-போல்ட் தட்டோ தொங்கினால், பஞ்சராகிற அன்றைக்கு அதுதான் கலப்பை.

திருப்பிப் போட முடியுமா. போல்ட் போட்டு மாட்டியதைக் கழற்றிவிடலாம். வெட்டிய சேஸிஸை ஒட்ட முடியாது.

## முன்பக்கம்

### லோயரிங் ஸ்பிரிங்

1 முதல் 3 இஞ்ச் வரை. பாகம் மலிவு, வேலை எளிது, எந்த மெக்கானிக்கும் செய்வார். ஆனால் இது இடைவெளியைத் தின்கிற வழி. எத்தனை இஞ்ச் இறங்குகிறதோ அத்தனையும் மேல்நோக்கிய பயணத்திலிருந்தே கழிகிறது. சக்கரத்தைச் சேஸிஸோடு பிடிக்கும் கண்ட்ரோல் ஆர்ம்கள் மேலே தூக்கிக்கொள்வதால் கேம்பர் நெகட்டிவ் பக்கம் போகும் (மேல்பக்கம் உள்ளே சாயும்), டோவும் மாறும். டயரின் உட்பக்கம் தேய்ந்தால் எல்லோரும் கேம்பர்மேல் பழி போடுகிறார்கள். டயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோதான். தாழ்த்திய அன்றே அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் புது டயரும் தாங்காது.

2 இஞ்சுக்குள் நிறுத்திக்கொள்வதாக இருந்தால் ஸ்பிரிங் நியாயமான தேர்வு. அதைத் தாண்டினால் குட்டையான ஷாக், குட்டையான பம்ப் ஸ்டாப், சில வண்டிகளில் கேம்பர் சரிசெய்யும் போல்ட் என்று ஒவ்வொன்றாகச் சேரும். கூட்டிப் பார்த்தால் ஸ்பிண்டில் விலைக்கே வந்து நிற்கும்.

ஸ்பிரிங்கை வெட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெட்டலாம், சில கட்டுப்பாடுகளோடு. நுனி அப்படியே முடிகிற ஸ்பிரிங்கை மட்டும்தான் வெட்ட முடியும். நுனி சுருங்கி உட்காரும் வகையை வெட்டினால் அது இருக்கையில் பொருந்தாது. அறுக்கும் சக்கரத்தால் வெட்டுங்கள். கேஸ் கட்டிங் வேண்டவே வேண்டாம். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். இன்னொன்று, ஸ்பிரிங் 1 இஞ்ச் குறைந்தால் வண்டியும் 1 இஞ்ச் இறங்கும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. ஆர்மின் நடுப்பகுதியில் ஸ்பிரிங் உட்காருவதால் சக்கரத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரியும். அரைச் சுற்று வெட்டி, மாட்டி, அளந்து, பிறகு அடுத்த அரைச் சுற்றைப் பாருங்கள். சுற்று குறையக் குறைய விறைப்பு கூடும்: 8 சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் சுமார் 14 சதவீதம்.

### டிராப் ஸ்பிண்டில்

முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் சக்கரம் மாட்டும் தண்டு 2 முதல் 3 இஞ்ச் மேலே தள்ளி வார்க்கப்பட்டிருக்கும். சக்கரம் மேலே போகிறது, அதனால் வண்டி கீழே வருகிறது. ஆர்ம்கள், ஸ்பிரிங், ஷாக், பம்ப் ஸ்டாப் எல்லாம் கம்பெனி வைத்த நிலையிலேயே இருக்கும். பயணம் குறையாது, ஓட்டம் மாறாது, கேம்பரும் பெரிதாக நகராது. முன்பக்கத்தில் பணம் போடத் தகுந்த பாகம் எது என்று ஒரே வார்த்தையில் கேட்டால், இதுதான்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு இடத்தில். தண்டு மேலே போனதால் கீழ் பால் ஜாயிண்டும் ஆர்மும் ரிம்முக்குள் இறங்கி நிற்கும், டை ராட் நுனியும் ரிம்மை நெருங்கும். சின்ன ரிம் உரசும். பல கிட்டுகள் 15 இஞ்சுக்குக் குறைவான ரிம்மை ஏற்காது. பிரேக் பெரிதாக இருக்கிற வண்டிகளுக்கு அதைவிடப் பெரியது வேண்டும். சில ஸ்பிண்டில்கள் சக்கரத்தை வெளியே கொஞ்சம் தள்ளுகின்றன. அகல டயர் போட்டிருந்தால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது ஃபெண்டரில் பிடிக்கும். பம்ப் ஸ்டாப் பழைய இடத்திலேயே இருப்பதால், முழுக்க அமுங்கும்போது டயர் ஃபெண்டருக்குள் முன்பைவிட 2 இஞ்ச் அதிகமாக ஏறும். உள் லைனரைப் பாருங்கள். ஏபிஎஸ் சென்சருக்கு இடம் இருக்கிற ஸ்பிண்டில்தானா என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள். சக்கர பேரிங், சீல், பால் ஜாயிண்ட் எப்படியும் கழற்றப்படும், அதோடு சேர்த்துப் புதுசு போட்டுவிடுங்கள்.

4 இஞ்ச் வேண்டும் என்றால் 2 இஞ்ச் ஸ்பிண்டில், 2 இஞ்ச் ஸ்பிரிங் என்று பிரித்துக்கொள்வது பழகிய வழி. மொத்த 4 இஞ்சையும் ஸ்பிரிங்கிலேயே எடுக்காதீர்கள்.

### டார்ஷன் பாரும் மற்றவையும்

முறுக்குக் கம்பியே ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் வண்டி என்றால் அட்ஜஸ்ட் போல்ட்டைத் தளர்த்தினாலே இறங்கும், செலவே இல்லை. 1 முதல் 2 இஞ்ச் வரைக்கும் சரி. விறைப்பு மாறாது, மேல்நோக்கிய இடைவெளி மட்டும் குறையும். ரப்பரைத் தொட்டுக்கொண்டே நிற்கிற வண்டிகளைப் பார்த்தால் தெரியும், அவர்கள் போல்ட்டைக் கடைசி வரை விட்டிருப்பார்கள். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது மட்டும் போல்ட்டைத் தொடுங்கள். திருப்பின சுற்றை எண்ணி எழுதுங்கள், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை என்பதைவிட ஒரே உயரம் முக்கியம்.

ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக வரும் புதிய வண்டிகளில், ஸ்பிரிங் தட்டைச் சில பள்ளங்களுக்கு மாற்றி வைக்கும் லோயரிங் ஸ்ட்ரட் கிடைக்கிறது. 4x4 என்றால் முன் ஆக்ஸில் ஷாஃப்டின் கோணமும் மாறும், ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள்.

ஃபோர்டு 1965-இல் கொண்டுவந்த ட்வின் ஐ-பீம் தனிக் கேஸ். ஒவ்வொரு பீமும் எதிர்ப்பக்கத்துக்கு அருகே மையம் வைத்து வீசி ஆடுவதால், வெறும் ஸ்பிரிங்கில் தாழ்த்தினால் சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கும். அதற்கென்று வளைத்துச் செய்த டிராப் பீம் தவிர வேறு உருப்படியான வழி கிடையாது.

## பின்பக்கம்

ஒன்றை முதலில் குனிந்து பாருங்கள்: கமான் கட்டு ஆக்ஸிலுக்கு மேலே இருக்கிறதா, கீழேயா? கீழே இருந்தால்தான் பிளாக் தாழ்த்தும். மேலே இருந்தால் அதே பிளாக் வண்டியைத் தூக்கிவிடும். இதைப் பார்க்காமல் கிட் வாங்கித் திருப்பி அனுப்பியவர்கள் நிறையப் பேர்.

### பிளாக்

கமானுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் சொருகும் கட்டை, நீளமான யூ-போல்ட்களோடு. 1 முதல் 3 இஞ்ச். ஒரு மதியத்தில் முடிகிற வேலை, மலிவு, திருப்பிப் போடலாம். பிளாக் உயரம் கூடக் கூட, வேகமெடுக்கும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொள்ள நெம்பு கிடைக்கும், கிளம்பும்போது பின்பக்கம் துள்ளும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிளாக் அடுக்குவது கூடவே கூடாது. சென்டர் போல்ட் தலை பிளாக்கின் குழிக்குள் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பில் ஏறி நின்றால் யூ-போல்ட்டை என்னதான் இறுக்கினாலும் ஆக்ஸில் நகரும். பழைய யூ-போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இழுபட்ட மரை மறுபடி அதே இறுக்கத்தைப் பிடிக்காது.

### ஷேக்கிளும் ஹேங்கரும்

கமானின் பின்முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு ஷேக்கிள், முன்முனையைப் பிடிக்கும் பிராக்கெட் ஹேங்கர். கமானின் ஒரு முனையை மட்டும் மாற்றினால் நடுவில் உட்காரும் ஆக்ஸிலுக்குப் பாதிதான் வரும். 2 இஞ்ச் மாற்றும் ஷேக்கிள் வண்டியை சுமார் 1 இஞ்ச்தான் தாழ்த்தும். ஷேக்கிள் நிமிர்ந்து நிற்கிறதா, தொங்குகிறதா என்பதும் முக்கியம். நிமிர்ந்து நிற்கிற வகையில் நீளமான ஷேக்கிள் தாழ்த்தும், தொங்குகிற வகையில் தூக்கும்.

இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. பின்முனையை மட்டும் உயர்த்தினால் கமான் முன்னோக்கிச் சாயும், ஆக்ஸிலில் புரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டும் பினியன் மூக்கு கீழே கவிழும். 55 இஞ்ச் நீளக் கமானில் 2 இஞ்ச் மாற்றம் என்றால் சுமார் 2 டிகிரி. அதே அளவு முன் ஹேங்கரையும் உயர்த்தினால் சாய்வு சமமாகிவிடும், முழு 2 இஞ்சும் கிடைக்கும். ஷேக்கிளும் ஹேங்கரும் சேர்ந்து போடும்போதுதான் இது புத்திசாலித்தனமான தேர்வு. ஹேங்கருக்குச் சேஸிஸ் ரிவெட்டை உடைத்து எடுக்க வேண்டும், அதுதான் நேரம் பிடிக்கும்.

### தாழ்ந்த கமான்

வளைவு குறைத்து அடித்த புதுக் கமான். பிளாக்கைவிட விலை அதிகம், ஆனால் நெம்பு விளைவு இல்லை. பாரம் ஏற்றுகிறவர் வாங்கும்போது எத்தனை பட்டை, என்ன தாங்கும் என்று கேட்டே வாங்க வேண்டும். இருக்கிற கட்டிலிருந்து ஒன்றிரண்டு பட்டையை உருவிவிட்டுத் தாழ்த்துவது இலவசம் போலத் தெரியும். பாரம் தாங்கும் திறன் போகும், மிச்சப் பட்டை முறுக்கும், ஒருநாள் மெயின் பட்டை முறியும்.

### ஃபிளிப் கிட்டும் சி-நாட்ச்சும்

கமானுக்குக் கீழே இருக்கிற ஆக்ஸிலைக் கமானுக்கு மேலே கொண்டுபோவது ஃபிளிப். எவ்வளவு இறங்கும் என்பது எளிய கூட்டல்: ஆக்ஸில் குழாயின் குறுக்களவு, கமான் கட்டின் கனம், இருக்கைகளின் உயரம். 3 இஞ்ச் குழாய், 2 இஞ்ச் கட்டு என்றால் இருக்கை சேர்ந்து 5 முதல் 6 இஞ்ச் வரும். இதற்கு நடுவில் நிறுத்த முடியாது, அதுதான் இதன் குறை.

இவ்வளவு இறங்கினால் ஆக்ஸில் சேஸிஸின் அடியில் போய் முட்டும். ஆக்ஸிலுக்கு நேர் மேலே சேஸிஸின் அடிப்பக்கத்தை அரைவட்டமாக வெட்டி, தடித்த இரும்புத் தட்டால் வலுவூட்டுவது சி-நாட்ச். பின்பக்கம் 4 இஞ்ச் தாண்டினால் இது இல்லாமல் யோசிக்காதீர்கள். பின்னால் எந்தப் பாகமும் இடைவெளியைத் தின்னத்தான் செய்யும், தின்றதைத் திருப்பிக் கொடுப்பது இது ஒன்றுதான். சேஸிஸை இரண்டு பக்கமும் தாங்கு கொடுத்து நிறுத்திவிட்டு வெட்டுங்கள். பிரேக் பைப், பெட்ரோல் லைன், வயரிங் சேஸிஸை ஒட்டியே ஓடும், அவற்றை முதலில் நகர்த்துங்கள். வெட்டின மூலை கூராக இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும், உருட்டித் தேயுங்கள். தொட்டியைக் கழற்றி வைத்துச் செய்தால் பாதி நேரம் மிச்சம்.

பின்னால் காயில் ஸ்பிரிங் இருக்கிற வண்டிகளில், 1960-களின் செவ்ரலே சி10 போலவோ 2009-க்குப் பிந்தைய ராம் 1500 போலவோ, ஸ்பிரிங் மாற்றினாலே தாழும். குறுக்குக் கம்பி மட்டும் ஆக்ஸிலை ஒரு பக்கம் இழுத்துவிடும். நீளம் மாற்றக்கூடிய கம்பி ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள்.

## ஏர் பேக்

நிறுத்தும்போது தரையோடு படுக்கும், ஓடும்போது நிமிரும். பாரம் ஏற்றினால் காற்றைக் கூட்டிக்கொள்ளலாம். கேட்கவே நன்றாகத்தான் இருக்கிறது. பேக், கம்ப்ரஸர், டேங்க், வால்வு, குழாய், ரிலே, ஃபியூஸ், தடித்த வயர் என்று பட்டியல் நீளும். கமான் கட்டின்மேல் பேக்கை வைத்துவிட்டால் போதாது, வண்டியைத் தாங்கிக்கொண்டிருப்பது கமான்தானே. முழுக்க இறங்க வேண்டுமென்றால் கமானை எடுத்துவிட்டு, ஆக்ஸிலைப் பிடிக்கும் நான்கு கம்பி இணைப்புக்குப் போக வேண்டும். அது வெல்டிங் வேலை, கூடவே சி-நாட்ச்.

பேக்கைக் கொல்வது அழுத்தமில்லை, உரசல். முழுக் காற்றில் உப்பும்போது சுற்றிலும் ஒரு விரல் இடைவெளியாவது எந்தப் பக்கமும் இருக்க வேண்டும். குழாயை நேராக வெட்டவில்லை என்றால் இணைப்பில் கசியும், காலையில் ஒரு மூலை தாழ்ந்து கிடக்கும். சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். டேங்கில் சேரும் தண்ணீரை அடிக்கடி வடிக்காவிட்டால் வால்வு துருப்பிடிக்கும். அலைன்மென்ட் ஓட்டும் உயரத்தில் மட்டும்தான் சரியாக இருக்கும், அந்த அழுத்தத்தைக் குறித்து வைத்துக்கொண்டு எப்போதும் அதிலேயே ஓட்டுங்கள்.

## ஒரே பார்வையில்

| பாகம் | எவ்வளவு | மேல்நோக்கிய இடைவெளி | கூடவே தேவைப்படுவது | திருப்பிப் போட |
|---|---|---|---|---|
| லோயரிங் ஸ்பிரிங் | 1–3 இஞ்ச் | அதே அளவு குறையும் | அலைன்மென்ட், குட்டை ஷாக் | முடியும் |
| டிராப் ஸ்பிண்டில் | 2–3 இஞ்ச் | குறையாது | பெரிய ரிம், பேரிங், அலைன்மென்ட் | முடியும் |
| டார்ஷன் பார் தளர்த்தல் | 1–2 இஞ்ச் | அதே அளவு குறையும் | அலைன்மென்ட் | மிக எளிது |
| பிளாக் | 1–3 இஞ்ச் | அதே அளவு குறையும் | புது யூ-போல்ட், குட்டை ஷாக் | முடியும் |
| ஷேக்கிள் + ஹேங்கர் | சுமார் 2 இஞ்ச் | அதே அளவு குறையும் | ரிவெட் வேலை | சிரமம் |
| ஃபிளிப் | 5–6 இஞ்ச் | சி-நாட்ச் இன்றி மிஞ்சாது | சி-நாட்ச், ஷாக், ஷாஃப்ட் கோணம் | நாட்ச் திரும்பாது |
| ஏர் பேக் | விருப்பப்படி | உயரத்தைப் பொறுத்தது | மொத்தக் காற்று அமைப்பு | கமானை எடுத்தால் சிரமம் |

## விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

பாரம் உணரும் பிரேக் வால்வு. பல பிக்கப்புகளில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சேஸிஸில் இருக்கும் வால்வுக்குப் போகும். பாரம் ஏறினால் ஆக்ஸிலும் சேஸிஸும் நெருங்கும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். வண்டியைத் தாழ்த்தினதும் அந்த வால்வு என்ன நினைக்கும்? தொட்டி நிறைய மூட்டை என்றுதான். காலி வண்டி, ஈரச் சாலை, பிரேக் மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும். கம்பியின் பிராக்கெட்டை எத்தனை இஞ்ச் தாழ்த்தினீர்களோ அதற்கேற்ப நகர்த்தி, கம்பெனி சொல்லும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தாழ்த்தும் கிட் எதிலும் இதற்கான பாகம் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாக். பழைய ஷாக் பாதி அமுங்கிய நிலையிலேயே நிற்கும், பெரிய பள்ளத்தில் அடியில் இடித்து உள் வால்வு நொறுங்கும். பம்ப் ஸ்டாப் தொடும்போது ஷாக்கில் இன்னும் கொஞ்சம் அமுங்க இடம் இருக்க வேண்டும். அதை அளந்து வாங்குங்கள், "3 இஞ்ச் டிராப்புக்கு" என்ற அட்டையை மட்டும் நம்பாதீர்கள்.

ஷாஃப்ட் கோணம். கியர்பாக்ஸ் முனையும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக, 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கமான் வண்டியில் பாரம் இழுக்கும்போது பினியன் மூக்கு மேலே எழும் என்பதால், நிற்கும்போது ஓரிரு டிகிரி கீழே வைப்பது வழக்கம். கிளம்பும்போது அதிர்வா, இல்லை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முனகலா? கிராஸ் ஜாயிண்டைக் குறை சொல்லும் முன்பு கோணம் பாருங்கள். ஆப்புத் தட்டு போட்டுச் சரிசெய்யலாம். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடு பேரிங்கின் உயரத்தையும் மாற்ற வேண்டிவரும்.

ஹெட்லைட் உயரம் மாறியிருக்கும், அதைத் திருத்துங்கள். வண்டியை மாற்றியமைத்ததை இன்ஷூரன்ஸுக்குச் சொல்வது நல்லது.

## யாருக்கு எது

தினமும் ஓட்டும் வண்டி, எப்போதாவது பாரம்: முன்னால் 2 இஞ்ச் ஸ்பிண்டில், பின்னால் ஷேக்கிளும் ஹேங்கரும், தேவைப்பட்டால் 1 இஞ்ச் பிளாக். பாரம் ஏற்றும் நாளுக்கு ஒரு சிறிய உதவி ஏர் பேக்கைக் கமானின்மேல் வைத்துக்கொள்ளலாம். பெரிய அமைப்பு எதுவும் வேண்டாம்.

வாரம் முழுக்கத் தொட்டி நிறைய ஏற்றுகிறவர் முன்பக்கத்தை மட்டும் 1 அல்லது 2 இஞ்ச் இறக்கி, வண்டியைச் சமமாக்கி அத்தோடு நிறுத்துவது மேல்.

கையில் பணம் குறைவு, தோற்றம் மட்டும் கொஞ்சம் மாற வேண்டும் என்றால் டார்ஷன் பார் போல்ட், 2 இஞ்ச் பிளாக், புது யூ-போல்ட், அலைன்மென்ட். இதில் அலைன்மென்ட்டை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

4/6 தோற்றமே வேண்டும், பாரம் ஏற்றப்போவதில்லை: ஸ்பிண்டிலும் ஸ்பிரிங்கும் முன்னால், ஃபிளிப்பும் நாட்ச்சும் பின்னால். காட்சிக்காகத் தரையோடு படுக்க வேண்டும், பராமரிக்க நேரமும் பொறுமையும் இருக்கிறது என்றால் ஏர் பேக்.

எதைப் போட்டாலும், ரப்பர் புஷ் போல்ட்களை வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் இறங்கினதும் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும், உயரமும் தப்பாகக் காட்டும். சில நாள் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு மறுபடி நான்கு மூலையும் அளந்து, சுமார் 100 கிலோமீட்டருக்குள் யூ-போல்ட்டை டார்க் ரெஞ்சால் திரும்பச் சரிபார்த்துவிட்டு, கடைசி அலைன்மென்ட்டை அப்போது செய்துகொள்ளுங்கள்.